முதலில் வரும் படம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால்தான் இந்த மெயில். என்ன காரியம் பண்ணி வைத்திருக்கிறாய்? நீ இணையத்தில் ஏற்றும் அம்மாவின் படங்களைச் சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்றுதானே, இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து அந்த வலைப்பக்கத்தைச் செய்தேன்? ஆல்பத்தில் கடைசியாகப் போட்ட படம்தான் பக்கத்தில் முதலில், பெரிதாக வரும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அதில் போய், படுக்கையில் கிடக்கும் அம்மாவின் முதுகுப் புண்ணைப் போட்டிருக்கிறாய்!

நேற்று பெரியப்பா ஆபீசுக்கே போன் பண்ணி, "என்னடா இது, பெத்தவளை இந்தக் கோலத்துல ஊருக்கே காட்டுறீங்க?" என்று கேட்டார். மானம் போகிறது. உடனே எடு.

தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எடுக்கவில்லை. இப்போதும் கத்தத்தான் போகிறேன்.

புண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் டாக்டர். ஒரு கையால் அம்மாவைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எடுத்து, அவசரத்தில் உன் ஆல்பத்தில் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

ஆனால் துரையே, அதை ஏற்றியது பிப்ரவரி பன்னிரண்டு. அதற்கப்புறம் எனக்குப் படம் எடுக்க நேரமில்லை. பத்தொன்பது நாள் அதுதான் முதல் படம். என்றைக்கோ ஒரு நாள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்க்கிற பெரியப்பா கண்ணில் பட்டது, செய்தவன் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் கேள். பெரியப்பா முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். மூன்றாம் தேதியே அழித்துவிட்டேன். மறுநாள் நீ "உடனே எடு" என்று அதிகாரம் பண்ணியபோது அது அங்கே இல்லை. அப்போதுகூட நீ திறந்து பார்க்கவில்லை! மானம் போகிறது என்று எழுதத் தெரிந்தது. அம்மாவுக்கு வலிக்கிறதா என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லையா?

அக்கா

மார்ச் 8

அக்கா,

திறக்கவில்லைதான். முதல் நாள் சரியாக வருகிறதா என்று பார்த்ததோடு சரி. எல்லாரும் பாராட்டினார்கள், அதிலேயே குளிர்ந்துபோய் இருந்துவிட்டேன். இனி நீ இதயக்குறி போட்ட படம் மட்டும் வரும்படி மாற்றிவிட்டேன். இன்று திறந்தால், "படங்கள் இல்லை" என்கிறது.

அம்மாவுக்கு ரொம்ப வலிக்கிறதா?

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

வலிக்கிறது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும், "மெதுவாடி, மெதுவா" என்று என் புடவையைப் பிடித்துக்கொள்கிறாள்.

உன் மெயிலைப் படித்துக் காட்டினேன். "அவன் அந்தப் படத்தைப் பாக்கலையே?" என்றாள். இல்லை என்றேன். "நல்லவேளை. பாத்தா தாங்கமாட்டான்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினம் பார்க்கிற நான் மட்டும் தாங்குவேனாம்!

நான் எதற்கும் இதயக்குறி போடப்போவதில்லை. பக்கம் அப்படியே காலியாகக் கிடக்கட்டும். நீ ஒன்றையும் மாற்ற வேண்டாம், புறப்பட்டு வா. வரமுடியாது என்றால் இனி மெயில் எழுதாதே.

கட்டு மாற்றுவது காலை ஏழு மணிக்கு. அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

அக்கா