நான் வாட மாட்டன்

அன்புள்ள அம்மா,

நான் நலம். முழங்கால் நோவு குறைந்ததா? இந்தக் கிரான்பர்ன் ஊரில் குளிரைத் தவிர வேறு குறையில்லை.

இங்கே சல்சா இசைக்குழுவில் பின்பாட்டுப் பாடுகிறேன் அல்லவா? பாடகர் பாடும் வரியை நாங்கள் திருப்பிப் பாடுவதுதான் முறை. சனிக்கிழமை அவர், "நான் போனால் இவள் வாடிவிடுவாள்" என்று ஸ்பானிஷில் பாடினார். எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய், "நான் வாட மாட்டன், நீ போயிட்டு வா!" என்று தமிழிலேயே பாடிவிட்டேன். அர்த்தம் தெரியாமலே குழு முழுவதும் அதைத் திருப்பிப் பாடியது. சனம் எழுந்து ஆடியது!

அதை யாரோ வீடியோ எடுத்துப் போட, நீங்கள் பேசிவைத்த மாப்பிள்ளையின் தாய் பார்த்திருக்கிறார். "பிள்ளை, கலியாணத்துக்குப் பிறகு பாட்டை விட்டுடுவீர்தானே?" என்று போனில் கேட்டார்.

"விட மாட்டன், அன்ரி."

மிளகாய்த்தூளோடு உங்கள் பழைய சேலை ஒன்றும் அனுப்புங்கள், போர்த்திப் படுக்க. ஸ்டேஷனில் இருந்துதான் எழுதுகிறேன், ரயில் வந்துவிட்டது. அன்ரி உங்களுக்கும் போன் எடுப்பார். "விட மாட்டன்" என்ற என் வரியை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள், அம்மா.

மகள்,
மிருணாளினி