என் வாயில் குடியிருக்கும் உன் குரல்

டேய் மச்சான்,

நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கி, மதியம் எழுந்ததும் என் மகள் போனை என் காதில் வைத்தாள். "நைனா, நீ தூங்கிக்கினே ரெண்டு ஆளு மாதிரி பேசற. கேளு." முதலில் என் குழறல். பிறகு ஒரு செருமல், ஒரு இழுவை: "டே...ய், இன்னாடா முழிக்கற?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் என்னுடையது. குரல் உன்னுடையது!

நீ செத்துப்போனதிலிருந்து உன் முகம் அப்படியே இருக்கிறது. குரல்தான் நழுவிக்கொண்டே இருந்தது. எந்தப் போனிலும் அது பதிவாகவில்லை. எனக்கும் எவ்வளவு யோசித்தும் காதில் வரவில்லை.

ஆந்திராவில் சத்தியவேடு கம்பெனிக்குப் போனபோது, நைட் ஷிப்ட் முடிந்து அறையில் பகலில் தூங்குவோமே, நினைவிருக்கிறதா? நான் உளறுவேன். நீ விழித்துக்கொண்டு பதிலுக்குப் பதில் பேசுவாய். எழுந்தால் எனக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. உனக்கு அதுதானே வசதி! "இந்த வாரம் பூரா நீதான் சமைக்கறேன்னு தூக்கத்துல ஒத்துக்கின. சாமி சத்தியமா." பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டிய என் மூளை, நம்பிவிட்டது. வாரம் முழுக்கப் புளிக்குழம்பு வைத்தேன். கம்பெனி பஸ்ஸில் வேறு நீ சும்மா இருந்தாயா? "முழிச்சிக்கினு இருந்தா இவனுக்குத் தெலுங்குல டீ கேக்க வராது. தூங்குனா மேனேஜரையே தெலுங்குல அதட்டறான்பா!" பஸ்ஸே சிரித்தது. எனக்கோ அந்த வீரனை ஒரு தடவையாவது நேரில் பார்க்க ஆசை.

மகளின் போனை எடுத்துக்கொண்டு, சட்டையைத் திருப்பிப் போட்டதுகூடத் தெரியாமல் உன் ஊருக்கு, வெதுருகுப்பம் பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் பயம் பிடித்தது. உன் வீட்டுக்காரி இதைக் கேலி என்று நினைத்துவிட்டால்?

அவள் காதருகே போனை வைத்துக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொரு தபா போடுண்ணா."

போட்டேன். கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "அவருதாண்ணா! ஆனா 'டேய்' இன்னும் கொஞ்சம் இழுப்பாரு."

சட்டென்று உள்ளே போய்ப் பாய் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே விரித்தாள். "சோறு துன்னுட்டுப் படுண்ணா. எங்கிட்ட எதனா சொல்றாரான்னு பாக்கலாம்."

படுத்தேன் மச்சான். அவள் போனைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"இன்னும் தூங்கலியாண்ணா?"

"சந்தோசத்துல கண்ணே மூட மாட்டேங்குதும்மா."

உன்னை வாய்க்குள் வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தேன்.