ஒன்பது கொசுவின் பூர்வீகம்

ஆகஸ்ட் 4

ரிசல்ட் வந்துவிட்டது. மூன்று வருடமாகத் தாம்பரம் சுற்றுவட்டாரத்து டெங்கு கொசுக்களின் பூர்வீகத்தைத் தேடி அலைகிறேன். எந்தக் கொசு எந்த ஊரிலிருந்து வந்தது என்று மரபணுவை வைத்துச் சொல்வதுதான் என் பிஎச்.டி. இதுவரை பார்த்ததெல்லாம் பிறந்த தெருவிலேயே வாழ்ந்து சாகிற சோம்பேறிகள். ஆனால் மாடம்பாக்கம் சந்திரிகா அக்கா பிடித்துக் கொடுத்த ஒன்பதும் பக்கத்துத் தெருக் கொசுக்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்பதும் சிங்கப்பெருமாள் கோவில் கொசுக்களின் ரத்த சொந்தம்! இருபத்தைந்து கிலோமீட்டர்!

ஆகஸ்ட் 5

கைடு யூனிஸ் மேடம் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது நிஜம்னா உன் தீசிஸ் தப்பிச்சுது, ஜெரூஷா. செப்டம்பர் ரிவ்யூல காட்ட வேற ஒண்ணும் இல்ல."

ஆகஸ்ட் 8

எப்படி வந்திருக்கும்? பழைய டயர் ஏற்றிய லாரியிலா? எலக்ட்ரிக் ட்ரெயினிலா? ஜன்னலோர சீட்டா?

ஆகஸ்ட் 9

போச்சு. எல்லாம் போச்சு.

சந்திரிகா அக்கா நாலு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறவர். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். வெளியூரிலிருந்து யாராவது சாமான் கொண்டுவந்தார்களா என்று கேட்டேன்.

"எங்க வூட்ல ஏதும்மா கொசு? நீ பாட்டில் குட்த்துட்டுப் போய்ட்ட. வெறும் பாட்டிலத் திருப்பித் தந்தா நல்லாவா கீது? அதான் சிங்கப்பெருமாள் கோவில்ல தங்கச்சி வூட்டாண்ட போயி புடிச்சினு வந்தேன்."

எங்கே போய் முட்டிக்கொள்வது? ஜூனில் பாட்டிலைக் கொடுத்துவிட்டு ஜூலையில் வந்து வாங்கிக்கொண்டது யார்? நான்தானே. கூட நின்னு பிடிச்சிருந்தா என்னடி கொறஞ்சு போயிருப்ப?

ஆகஸ்ட் 11

மேடமிடம் சொன்னேன். திட்டவில்லை. நீயே போய்ப் பிடி என்றார். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 12

போனேன். கொசுவே இல்லாத அந்த வீட்டில், செடித் தொட்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டில் தேங்கிய தண்ணீரில் முப்பத்தொரு கொசுப்புழு. அக்கா என் முகத்தையே பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 29

முப்பத்தொன்றும் சிங்கப்பெருமாள் கோவில் வம்சம்! தலை சுற்றுகிறது. அக்காவுக்குப் போன் போட்டேன். அன்று இருபது பிடித்தாராம். வீட்டுக்கு வந்து, சரியாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தாராம். பதினொன்று பறந்துவிட்டது.

ஆக, கொசுவை மாடம்பாக்கத்தில் குடியேற்றியது லாரியும் இல்லை, ட்ரெயினும் இல்லை. நான்.

செப்டம்பர் 15

ரிவ்யூ. வாசலில் நிற்கும்வரை மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஒரு பேராசிரியர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். யாராவது ஒரு பாட்டிலில் கொண்டுபோனாலே புது ஊரில் கொசு குடும்பம் நடத்துகிறது என்பதும் கண்டுபிடிப்புதானாம். ஆறு மாதம் நீட்டிப்பு! ஒரே நிபந்தனை: நான் குடிவைத்ததை நானே காலி செய்ய வேண்டும்.

செப்டம்பர் 20

அக்கா வீட்டில் தொட்டித் தட்டுகளைத் தேய்த்துக் கழுவினேன். இனி எல்லாச் சனிக்கிழமையும் இதுதான் ஆராய்ச்சி. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, உங்கள் வீட்டிலும் கொசுவா என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்து நின்றார். "கொசு கீது. ஆனா எங்க வூட்டுது இல்ல. டெஸ்ட் எடுத்தாச்சு, அது சிங்கப்பெருமாள் கோவில் கொசு."

அதை லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்துத் தர வேண்டுமாம். தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.