கங்காணியம்மா என்றால் யார்

மடுல்சீமை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நிஷாந்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு.

தங்கச்சியின் விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதை முதலில் சொன்னால்தான் மற்றதை நீ நிம்மதியாக வாசிப்பாய். ஆறு மாதமாக ஜெயந்தினி மூன்றாம் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கங்காணியாக நின்று வேலை வாங்குகிறாள் அல்லவா, போன வாரம் நிரந்தரமாக்கும் பட்டியல் தயாரானது, அதில் அவள் பெயருக்குப் பதிலாகக் கங்காணி தவசீலன் என்று உன் மச்சான் பெயர் இருந்தது. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவனுக்கு மலையில் என்ன வேலை? விசாரித்த பிறகுதான் விளங்கியது. பெண்கள் எல்லோரும் மரியாதைக்கு அவளைக் கங்காணியம்மா என்றே சொல்லியிருக்கிறார்கள், தோட்டத்து ஒப்பீசுக்குப் புதிதாக வந்த கிளாக்கர் அதைக் கங்காணியின் மனைவி என்று எடுத்துக்கொண்டு புருஷன் பெயரை எழுதிவிட்டார். அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. உன் அம்மா ஒரு நாளும் படிப்பித்ததில்லை, ஆனால் என்னைக் கட்டியதால் வாத்தியாரம்மா, பிள்ளைகளின் மார்க்ஸ் கேட்டு அவள் கொழுந்தெடுக்கும் இடத்துக்கே ஆட்கள் வருவார்கள். டாக்டரம்மா என்றால் இன்று வைத்தியம் பார்க்கிறவர், என் சின்ன வயதில் டாக்டரின் மனைவி.

அந்தப் பட்டியல் திருத்தாமல் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போயிருந்தால் அவள் திரும்பவும் கூடை தூக்கியிருப்பாள். வியாழன் காலையிலேயே ஒப்பீசுக்குப் போய், ஐயா, நான் கங்காணி பொஞ்சாதி இல்லீங்க, நாந்தாங்க கங்காணி, எங்க வீட்டுக்காரரு மலை ஏறுனா மூச்சு வாங்கும்ங்க என்றிருக்கிறாள். அப்போ பெண் கங்காணின்னு எழுதவா என்று கிளாக்கர் கேட்டாராம், மத்தவங்களுக்கு ஆண் கங்காணின்னா எழுதியிருக்கீங்க என்று இவள் கேட்டாளாம். அவர் சிரித்துக்கொண்டே பெயரைத் திருத்த, தோட்டத்துத் துரையும் கையெழுத்து வைத்துவிட்டார். மறுநாள் விடியற்காலை பெரட்டில் வேலைக்கு ஆட்களைப் பெயர் கூப்பிடும்போது, அவளுடைய மலையில் கொழுந்தெடுக்கும் இராக்கம்மா அக்கா, இனிமே அந்த அம்மாவ கழட்டி வச்சிருவோம்டி, கங்காணின்னே கூப்புடுவோம், இல்லன்னா சம்பளத்தையும் புருஷன் கையிலதான் குடுப்பானுக என்றாராம். அன்றிலிருந்து மலையில் அவள் கங்காணிதான்.

லயத்தில் எல்லோரும் தவசீலனைக் கங்காணியய்யா என்று கேலி செய்கிறார்கள். அவனுக்குக் கோபமில்லை, மாமா, கங்காணி புருஷனுக்குச் சரியான பேரு என்னாங்க என்று என்னிடமே கேட்டான். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் படிப்பித்த எனக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை.

தண்ணீர் நிறையக் குடி, இரட்டை ஷிப்டுக்கு ஒத்துக்கொள்ளாதே. தங்கச்சிக்குப் போன் எடுத்து வாழ்த்துச் சொல், ஆனால் கங்காணியம்மா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே. எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

அன்புள்ள அப்பா,
முருகையா