லீலாபாய் அக்காளும் பொழியூர்க் கடலும்

3 நவம்பர் 2024, ஞாயிறு

இன்று முதல் இங்கே நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்தே செய்திருப்பேன். அது அக்காள் வீட்டில் இருக்கிறது.

கதாநாயகி என் அக்காள் லீலாபாய். முப்பத்தைந்து வருடமாக எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவள். பாறசாலை முதல் காட்டாக்கடை வரை எந்தக் கோவிலில் நாலு குரல் சேர்ந்து பாடினாலும், அதில் ஒரு குரல் அக்காளிடம் குட்டு வாங்கியதாக இருக்கும். கல்யாணப் பெண்ணைப் பார்க்கப் போனால் அவள் கேட்பது படிப்பையும் நகையையும் அல்ல, "சோப்ரானோவா, ஆல்ட்டோவா?" என்றுதான். ஓர் ஈஸ்டர் விடியற்காலையில் பொழியூர் கடற்கரை ஆராதனையில் அவள் கையைத் தூக்கினாள். பெண்களின் மேல்குரலான சோப்ரானோ உச்சியைப் பிடித்தது. கடல் மூன்று கிலோமீட்டர் பின்னால் போயிற்று. மணலில் கிடந்த மீன்களெல்லாம் தலை குனிந்து கும்பிட்டன. இதற்கு நான் ஒருவனே சாட்சி. மற்றவர்கள் பக்தியில் கண்ணை மூடியிருந்தார்கள்.

நான் யோசுவா, அவள் தம்பி; குழுவில் பாஸ், ஆண்களின் அடிக்குரல். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நெய்யாற்றின்கரையில் நின்று நான் "இறங்கு" என்றால் மார்த்தாண்டத்தில் ஆள் இறங்குவான்.

இன்று ஆராதனை முடிந்ததும் அக்காள் சோப்ரானோ பாடும் மினியைப் பிடித்துக்கொண்டாள். "சோப்ரானோ எல்லாம் சாப்பிடாமலா வந்திய? சத்தமே இல்லியே."

மினி பாடிய பாட்டில் என் இடது காது இன்னும் கூவிக்கொண்டிருக்கிறது. பின்னே ஏன் அப்படிக் கேட்டாள்?

9 நவம்பர், சனி

கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்குப் பயிற்சி தொடங்கியாயிற்று. அக்காள் சோப்ரானோவைப் பார்த்து "இன்னும், இன்னும்" என்றாள். அவர்கள் கத்தினார்கள். "பத்தாது" என்றாள். அலறினார்கள். தென்னையிலிருந்து காய் விழுந்தது. (காய் விழுந்தது பொய்.)

அக்காளின் மகள் லிஜி என்னைத் தனியே வெளியே கூப்பிட்டாள். அவள் ஆல்ட்டோ, பெண்களில் தாழ்ந்த குரல்.

"மாமா, அம்மைக்குக் காது கேக்கல்ல."

"எனக்க சத்தம் கேக்குதே."

"ஒங்க சத்தம் கேக்கும். ஆட்டோ சத்தம் கேக்கும். மேல உள்ளதுதான் போச்சு. நான் பேசினா வாயப் பாத்தாக்கும் பதில் சொல்லுகா. திரும்பி நின்னா ஒண்ணும் இல்ல."

"நீ சொல்லிப் பாக்கல்லியா?"

"சொன்னேன். 'நீ வாய்க்குள்ள பேசிட்டு எனக்க காதக் குற்றம் பறையுகியா'ன்னா. பின்ன…" துப்பட்டாவின் நுனியை மடித்துக்கொண்டே இருந்தாள். "பின்ன, எனக்க எடத்துக்கு ஆசப்படுகியான்னு கேட்டா."

எனக்கு ஒரு பெரிய பொய்யாவது வந்திருக்க வேண்டும் அந்த நேரத்தில். வரவில்லை.

11 நவம்பர்

அக்காள் வீட்டு டி.வி. தெரு முழுக்கக் கேட்கிறது. கேபிள்காரன்மேல் பழியைப் போட்டுவிட்டு வந்தேன்.

16 நவம்பர், சனி

மினிக்குத் தொண்டை கட்டிவிட்டது. மற்ற நாலு சோப்ரானோக்களுக்கும் அதே கதி. அப்போதுதான் சக்கரவர்த்திகளுக்கும் தோன்றாத ஒரு திட்டம் எனக்குத் தோன்றியது.

முதல் பாட்டின் முதல் சரணம் சோப்ரானோ மட்டும் பாடுவது, ஆர்கன் கிடையாது. நான் ஐந்து பேரிடமும் சொன்னேன்: "வாய மட்டும் திறங்க, மக்கா. சத்தம் வேண்டாம். அக்காள் கையோட கண்டுபிடிப்பா, பாட்டுப் புத்தகம் எனக்க தலையில விழும், எல்லாரும் சிரிப்போம். காது கேக்குதா இல்லியாங்க காரியமும் வெளிய வந்துரும்."

அக்காள் ஆர்கனில் தொடக்கச் சுரமான 'தோ' கொடுத்தாள், கையைத் தூக்கினாள். ஐந்து வாய்கள் அழகாகத் திறந்தன. கோவிலுக்குள் மின்விசிறிச் சத்தம், வெளியே யாரோ வீட்டுக் கோழி. அவ்வளவுதான். அக்காளின் கை ஏறியது, இறங்கியது. 'மீ' சுரம் வரும் இடத்தில் எப்போதும்போல் சுண்டு விரல் நிமிர்ந்தது. மூன்றாம் வரியில் இடது கையை மெல்லத் தாழ்த்தி, மெதுவாக, மெதுவாக என்றாள். எதை?

சரணம் முடிந்தது. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

"இதாக்கும் பாட்டு! இத்தன நாளும் இத எங்க வச்சிருந்திய, மக்கா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மினி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். லிஜி என்னைப் பார்க்கவே இல்லை.

எனக்க கர்த்தாவே, நான் என்ன செய்து வச்சிருக்கேன்? ஒண்ணுமே இல்லாத இடத்துல அவ என்னத்தக் கேட்டா?

17 நவம்பர்

எழுத வரவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

எங்கள் சபையில் ஜெபம் மலையாளத்தில், சண்டை தமிழில். செயலாளர் அனூஜ் இன்று மெல்லிய தமிழில் பேசியதால் பயந்துபோனேன்.

"யோசுவா அண்ணா, கிறிஸ்மஸ் கழிஞ்சா ஒரு பொன்னாட போத்தி மரியாதயா அனுப்புவோம். அந்த எடத்த லிஜி எடுத்துக்கட்டு. ஆனா அதுக்கு முன்ன யாராவது அக்காளுக்கிட்ட சொல்லணும். மேடையில வச்சுத் தெரிஞ்சா ஒடஞ்சு போவா."

"நீ சொல்லு."

"நான் பறஞ்சா கேக்காது. ஒங்க சத்தம் மட்டும்தான அவியளுக்குக் கேக்கும்."

ஆக, பாறசாலைத் தேசம் முழுவதிலும் அக்காளின் காதில் நன்றாக விழும் வாய் ஒன்று உண்டு. அது இந்த வாய். இந்த வாய் மழை என்று சொன்னால், அதை நம்பி யாராவது ஒரு குடையைக்கூட எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பார்களா?

30 நவம்பர், சனி

போனேன். அக்காள் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு காரியம் சொல்லணும். உண்மை ஆக்கும்."

"நீ உண்மைன்னு தொடங்கினாலே எனக்குச் சிரிப்பாக்கும் வருது. சொல்லு."

"ஒனக்குச் சோப்ரானோ கேக்கல்ல."

கத்தி நின்றது. நான் நிறுத்தாமல் சொல்லிவிட்டேன். "அண்ணைக்குப் பொம்பளப் பிள்ளிய வாய மட்டும்தான் அசச்சாவ. ஒரு சத்தமும் இல்ல. நீ இதாக்கும் பாட்டுன்னு சொன்ன."

என் முகத்தையே பார்த்தாள். ஒரு நொடி, நம்பிவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"எலே, கடலு பின்னால போச்சு, மீனு கும்பிட்டுதுன்னு சொன்னவன் இல்லியா நீ? அதவிடக் கெட்ட கதையாக்கும் இது. போ, அடுக்களையில காப்பி இருக்கு, எடுத்துக் குடி."

குடித்தேன். வேறு என்ன செய்வது? மினியையும் மற்றவர்களையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று வழியில் தோன்றியது. வந்தால் "இவன் எல்லாரையும் நாடகத்துக்குப் பழக்கிட்டான்" என்பாள். எனக்குத் தெரியும். என் நாடகங்களில் அவர்கள் எல்லாரும் முன்பு நடித்தவர்கள்தான்.

14 டிசம்பர், சனி

சோப்ரானோக்கள் இப்போது அலறுவதில்லை. வாயை அகலமாகத் திறந்து, அளவாகப் பாடுகிறார்கள். அக்காளுக்கு மகிழ்ச்சி. எனக்குத் தூக்கம் இல்லை.

இன்றுதான் மண்டையில் உறைத்தது. கீத ஆராதனையில் முதல் சரணம் இருட்டில். எல்லா விளக்கையும் அணைத்து, சோப்ரானோ பாடி முடித்தபின் பலிபீடத்தில் முதல் மெழுகுவத்தி. பிறகுதான் வரிசை வரிசையாக வெளிச்சம். எங்கள் கோவிலில் பழைய மிஷனரி காலத்து வழக்கம் அது. இருட்டில் அக்காள் யார் வாயைப் பார்ப்பாள்?

அனூஜிடம் ஓடினேன். பாடகர் பக்கம் ஒரு சின்ன பல்பு மட்டும் எரியட்டும் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். சம்மதித்தான்.

22 டிசம்பர், ஞாயிறு

கோவில் நிறைந்து வாசல்வரை ஆள். மணி அடித்தது. விளக்குகள் அணைந்தன. சின்ன பல்பு மட்டும் எரிந்தது. நான் மூச்சு விட்டேன்.

"அதென்ன அங்க ஒரு பல்பு?" அக்காளின் குரல். "அணைங்க. வழக்கத்தக் கெடுக்காதிய."

யாரோ அணைத்துவிட்டார்கள்.

இருட்டு. 'தோ' கேட்டது. சோப்ரானோ தொடங்கியது. கை தெரியாவிட்டாலும் மனதுக்குள் எண்ணித் தொடங்கப் பழக்கியவள் அவள்தானே. அந்த ஐந்து பேரும் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. இதில் மிகைப்படுத்த ஒன்றுமே இல்லை.

சரணம் முடிந்தது. முதல் மெழுகுவத்தி எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். அக்காளின் கை தூக்கியபடியே இருந்தது. ஒன்றும் காதில் விழாமல், அவர்கள் தொடங்குவதற்காக இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் சரணம் எல்லாரும் பாட வேண்டியது. கை இறங்காமல் யார் பாடுவார்கள்? கோவில் முழுக்க மௌனம். அவள் மினியின் வாயைப் பார்த்தாள். மூடியிருந்தது. ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

அக்காளின் சைகை இல்லாமல் பாஸ் வாயைத் திறந்தால் குட்டு. முப்பத்தைந்து வருடமாக அதுதான் சட்டம். திறந்தேன். என் தாழ்ந்த வரியைத் தனியே, ராகமே இல்லாத அந்த வரியை, அவளைப் பார்த்தே பாடினேன். அவளுக்குக் கேட்டது. கை மெல்ல இறங்கி என் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் சேர்ந்தார்கள். கடைசிப் பாட்டுவரை அவள் என் வாயை மட்டுமே பார்த்துக் கை வீசினாள்.

அந்த இடைவெளியில் தேவபிரசன்னத்தை உணர்ந்ததாகப் போதகர் பிரசங்கத்தில் சொன்னார். சபை ஆமென் என்றது.

திரும்பும்போது ஆட்டோவில் நாங்கள் இருவர் மட்டும். உதியன்குளங்கரை தாண்டியதும் அக்காள் என் பக்கம் திரும்பினாள்.

"எலே, அண்ணைக்குச் சொன்னது உண்மையா? வாய மட்டும் அசச்சாவன்னு?"

"உண்மை."

கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அப்ப, பொழியூர் கடலும் உண்மையா?"

நான் ஆட்டோக்காரனுக்கு வழி சொல்லத் தொடங்கினேன்.

28 டிசம்பர்

காரக்கோணம் ஆஸ்பத்திரியில் காது பார்த்தோம். சோதித்த பெண் அக்காளைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவளும் நம்ம பழைய ஆல்ட்டோ. பேச்சைக் கேட்கக் காதுக்கருவி உதவுமாம். போனது திரும்ப வராதாம். கருவியை மாட்டி ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு அக்காள் சொன்னாள்: "தகரத்துல ஆணி அடிக்கது மாதிரி இருக்கு." கழற்றிப் பெட்டியில் வைத்தாள். 

5 ஜனவரி 2025, ஞாயிறு

பொன்னாடை வேண்டாம் என்றுவிட்டாள். "செத்தவளுக்குப் போத்துகது மாதிரி. லிஜிக்குப் போத்துங்க, தொடங்குகவளாக்கும்."

லிஜி கை தூக்கினாள். சுண்டு விரல் 'மீ'யில் நிமிர்ந்தது. அக்காள் அதைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டு, பெண்கள் பக்கம் போகாமல், நேராக எங்கள் பாஸ் வரிசைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு முழுக்க அவள் உள்ளங்கை என் முதுகில் இருந்தது. நடுவில் ஒரு தட்டு. "முந்தாத."

எல்லாரும் போனபின் மறுபடியும் கேட்டாள். "கடலுக்க காரியம் நீ சொல்லல்லியே?"

குனிந்து அவள் காதருகே, என் ஆகத் தாழ்ந்த குரலில் சொன்னேன். கடல் போகவில்லை, அக்கா. மீன் கும்பிடவும் இல்லை. ஆனால் அன்று கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு படகுக்காரர், சோப்ரானோ தொடங்கியதும் எஞ்சினை அணைத்தார். பாட்டு முடியும்வரை நின்றே கேட்டுவிட்டுப் பிறகுதான் போனார்.

அது மட்டும் உண்மை.