ஒரே மூச்சில் மூன்று மாஸ்டர்

இன்று காலை நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது மில் வாட்ச்மேன் வந்து உன் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். உன் வீடு என்றுதான் எனக்கு இன்னும் வாயில் வருகிறது. நீ காலி செய்துவிட்டுப் போன பிறகு, மில் சடுகுடு டீமைப் பழக்க வந்த ஏழு மாஸ்டர்களின் குடும்பங்கள் அதில் பால் காய்ச்சிவிட்டுப் போய்விட்டன. சாவியில் நீ கட்டிய வலைநூல் மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் பழவேற்காட்டு மீன்வலை முடிச்சு. ஏழு பேரில் ஒருத்தியாலும் அதை அவிழ்க்க முடியவில்லை. அழுக்கேறிக் கறுத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

"வியாழக்கெழம புது மாஸ்டரு வராராம் அத்தே. ஊட்டைப் பெருக்கி வைக்கச் சொன்னாங்க," என்றான்.

"இவரு எத்தினி மாசத்துக்குப்பா?"

"என்னைக் கேட்டா? நான் சாவி கொண்டாறவன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கோலம் கோணலாகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது? எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால், மில்லும் அவர்களுடையது, டீமும் அவர்களுடையது, உனக்கென்ன வந்தது என்று வெற்றிலையை மென்றுகொண்டே கேட்பார். உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. நீ இல்லை என்று போன மாதமே கார்டு வந்துவிட்டது. உன் மகள் எழுதியிருந்தாள், மஞ்சள் காமாலை என்று. அமாவாசை வரை காத்திருந்து வீரராகவர் கோயில் குளத்தில் உன் பேரைச் சொல்லி ஒரு முழுக்குப் போட்டேன், வெல்லமும் கரைத்தேன். ஆனால் பத்து வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று அந்தக் குளத்தில் கரையவில்லை. அதனால்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

நீ வந்த அன்றே நமக்குள் சண்டை. புரட்டாசி சனிக்கிழமை. நான் பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டுக் கற்பூரத்தோடு வெளியே வருகிறேன், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மதில்மேல் வரிசையாகக் கருவாடு காய்கிறது.

"இன்னாம்மே இது, பெருமாள் கண்ணுக்கு எதிர்க்கயே?" என்று கத்தினேன்.

நீ லாரியிலிருந்து இறக்கிய பாயைச் சுருட்டிக்கொண்டே தலையை நீட்டினாய். "வழியில மழக்கா, எல்லாம் நனஞ்சிப் பூடுச்சி. உங்க பெருமாளை ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் பார்த்துக்கினு இருக்கச் சொல்லு," என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கோபம் எங்கே நிற்கும்? அன்று சாயங்காலம் நீயே கருவாட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மதிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் விட்டாய்.

திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டாய். தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்தாய். வலைநூலால் கட்டியிருந்தாய். பிரித்தால் மூன்று டி.சி. மூன்று ஊர், மூன்று பள்ளிக்கூடம். எதிலும் அவள் ஒரு முழு வருஷம் உட்காரவில்லை. ஒரு ஊரில் கூட்டல் நடக்கும்போது வந்துவிட்டாள், அடுத்த ஊரில் கழித்தல் முடிந்துவிட்டது என்று நீ சொன்னாய். எட்டு வயசுப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று சொல்லும்போது உன் குரல் இறங்கிப்போனது.

"மூணு வருஷம் வச்சிக்கிறன்னு மேனேஜரே வாயால சொல்லிகிறாருக்கா. இந்த ஒரு ஊர்லயாவது அவ குந்தி ரெண்டு முழுப் பரீட்சை எழுதிட்டா போதும்," என்றாய்.

நான் உடனே பெருமாளுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. மேனேஜர் வாயால் சொன்னதை நம்புகிறாளே என்றுதான் நேர்ந்துகொண்டேன். உனக்கு முன்னால் இரண்டு மாஸ்டர்களை அந்த வீட்டில் பார்த்தவள் நான். முதல் மாஸ்டர் தடா பக்கத்துக்காரர், எல்லோரையும் நைனா என்பார். சடுகுடுவை அவர் செடுகுடு என்றுதான் சொல்லுவார், பையன்களையும் அப்படியே பாட வைத்தார். ஒரு வருஷத்தில் அவரை அனுப்பினார்கள். பிடி பழக்க ஒருவர், மூச்சுப் பழக்க ஒருவர் என்று அவரோடு வந்திருந்த இரண்டு பேரும் கூடவே மூட்டை கட்டினார்கள். அடுத்தவர் பட்டாளத்திலிருந்து வந்தவர். செடுகுடுவாவது சடுகுடுவாவது, இனிமேல் கபடி என்றார். வேறு வார்த்தை வாயில் வந்தால் முழங்காலில் பிரம்பால் ஒன்று வைப்பார். இடது மூலையில் நின்றவனை வலது மூலைக்கு மாற்றினார். அவரும் ஒரு வருஷம்தான், அவருடைய ஆட்களும் ஒரு வருஷம்தான்.

மூன்றாவதாக உன் வீட்டுக்காரர் வந்தார். கூட உன் தம்பி, பிடி பழக்க. உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். வந்த வாரமே மதில் ஓரம் நின்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "பசங்க கிட்ட தெம்பு கீதுண்ணே. ஆனா பழசை மறக்கவே ரெண்டு வருஷம் ஆவும். மூணாவது வருஷம்தான் நம்ம சடுகுடுப் பாட்டு அவனுங்க வாயில நிக்கும்." நான் உள்ளே பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். மத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். இவ்வளவு எளிய கணக்கு மில்லில் ஒருத்தருக்கும் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

முதல் வருஷம் டீம் தோற்றது, நிறையவே தோற்றது. ஆனால் பிள்ளை நாலாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். பாஸ் என்று போர்டில் பேரைப் பார்த்துவிட்டு நீ ஓடி வந்து என் கையில் ஒரு பொட்டலம் அல்வாவை வைத்தாய். ஒரு பரீட்சை ஆயிற்று, இன்னும் ஒன்று.

இரண்டாம் வருஷம் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். மார்கழித் திருவாதிரைக்குத் திருவாலங்காட்டில் பந்தயம் வைத்திருந்தார்கள். நீ, நான், பிள்ளை மூன்று பேரும் ரயிலில் போனோம். முதலில் சுவாமி தரிசனம், அப்புறம் மைதானம். எதிர்த்து நின்றது அந்தப் பக்கத்து மில் டீம். அவர்களுக்கு அப்போதும் இப்போதும் ஒரே கிழட்டு மாஸ்டர். புதுசாக ஒன்றும் சொல்லித்தர மாட்டார், நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார். அவர் ஆட்கள் அவர் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்கே தெரியும்.

கடைசியில் இரண்டு பக்கமும் சமம். நம் முனுசாமி பாடிப் போனான். ஸ்பின்னிங்கில் வேலை பார்த்துக்கொண்டு என் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை, தெரியும் உனக்கு. அந்தப் பந்தயத்தில் எந்தப் பாட்டு பாடினாலும் சரி, ஆனால் எடுத்த பாட்டிலேயே திரும்பி வர வேண்டும். நடுவில் மாற்றினால் மூச்சு விட்டதாகக் கணக்கு. முனுசாமி சடுகுடு என்று எடுத்தான். ஒருத்தனைத் தொட்டான், இன்னொருத்தனைத் தொட்டான். திரும்பும்போது கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். மேலே மூன்று பேர் விழுந்தார்கள். அவன் கை கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நீ என் மணிக்கட்டை நெரித்தாய். அடியிலிருந்து அவன் பாட்டு கேட்டது. சடுகுடு சடுகுடு என்று வந்தது, அப்புறம் செடுகுடு என்றது, அப்புறம் கபடி கபடி என்றது. அவன் கை கோட்டைத் தொட்டபோது அம்பயர் விசில் ஊதி முடித்துவிட்டார்.

சனங்கள் சிரித்தார்கள். ஒரே மூச்சில் மூன்று மாஸ்டரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று யாரோ ஒருத்தன் கத்தினான். நீ சிரிக்கவில்லை. பிள்ளையின் தலையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய்.

அன்று சாப்பாட்டில் முனுசாமி கை வைக்கவில்லை. "அத்தே, மூச்சு முட்டும்போது எந்த மாஸ்டரு வாயில வருவாருன்னு எனக்கே தெரியல," என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டே அழுதான்.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாததை இப்போது எழுதுகிறேன். மறுநாள் காலை மில் வெல்ஃபேர் ஆபீசர் ஸ்கூட்டரை என் வாசலில் நிறுத்தினார். நீ தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய். பையன்கள் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பசங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார். பெரிய மனுஷர் என்னை மதித்துக் கேட்கிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பசங்களுக்கு ஒரே கொழப்பமா கீது சார். எந்த மாஸ்டர் சொன்னதைக் கேக்கறதுன்னே தெரியலயாம்," என்றேன்.

மூன்று மாஸ்டரை மாற்றி மாற்றிப் பிள்ளைகளைக் குழப்பிவிட்டீர்கள், இவரையாவது இருக்க விடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. மனசுக்குள் முழுதாக இருந்தது. வாயில் பாதிதான் வந்தது. ஆபீசரே நிற்கிறார், குழாய் உடைந்து பத்து நாள் ஆகிறதே என்று பேச்சு அங்கே தாவிவிட்டது. என் வாய்தான் உனக்குத் தெரியுமே, ஓர் இடத்தில் நிற்காது. குழாய்க்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சொன்னபடி குழாயைச் சரி செய்தும் கொடுத்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாலு நாளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் வீட்டுக்காரர் படித்துவிட்டு வந்து சொன்னார். தற்போதைய மாஸ்டரின் பயிற்சியில் ஆட்டக்காரர்களுக்குக் குழப்பம் ஏற்பட்டுள்ளதால் என்று ஆரம்பித்திருந்ததாம். குழப்பம் என்ற அந்த வார்த்தை வந்ததும் கையிலிருந்த சொம்பை நான் கீழே வைத்துவிட்டேன். மூன்று வருஷம் என்று வாயால் சொன்ன மேனேஜருக்கு அதை மீற ஒரு காரணம் வேண்டியிருந்தது. தேடிக்கொண்டிருந்தவருக்கு நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நான் கொடுக்காவிட்டாலும் வேறு ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம். அந்த வேறு ஒன்று என் வாயிலிருந்து போயிருக்காதே.

பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம். வீட்டைப் பத்து நாளில் விட வேண்டும். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போ, நான் பரீட்சை எழுத வைத்து அனுப்புகிறேன் என்று உன் கையைப் பிடித்துக் கேட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உங்கிட்ட உடறதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அவள உட்டுட்டு என்னால ஒரு ராத்திரி தூங்க முடியாது," என்றாய். வண்டி கிளம்பும்போது சாவியை என்னிடம் கொடுத்தாய். தொலைந்துவிடப் போகிறதென்று நூலைக் கட்டிவிட்டுக் கொடுத்தாய். உனக்கு நோட்டீஸ் ஒட்டியவர்களின் சாவி தொலைந்தால் உனக்கென்ன என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்புறம் வந்தவர்கள் கதை எழுதினால் இந்தக் காகிதம் போதாது. ஒருவர் மறுபடி கபடி என்றார். ஒருவர் பாட்டை விட்டுவிட்டுத் தண்டால் எடுக்கச் சொன்னார். ஒவ்வொருவரும் முன்னால் இருந்தவர் கெடுத்துவிட்டார் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். டீம் இன்னும் தோற்கிறது. தோற்றால் மாஸ்டரை மாற்றுகிறார்கள், மாற்றினால் தோற்கிறது. முனுசாமி இப்போது மில்லில் ஆட்களை மேய்க்கிற ஜாபர் ஆகிவிட்டான், இரண்டு பிள்ளைகள். மைதானம் பக்கம் போவதில்லை, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத் தெருவழியாக வீட்டுக்குப் போகிறான். எதிர் டீமின் அந்தக் கிழவர் இன்னும் வேர்க்கடலை தின்கிறார், பல்தான் இல்லை.

இன்று மத்தியானம் இப்போதைய ஆபீசர் வந்தார். சின்ன வயசுக்காரர். வீடு பெருக்கியாகிவிட்டதா என்று பார்த்தார். போகிற போக்கில், "புது மாஸ்டரைப் பத்தி பசங்க இன்னா பேசிக்கிறாங்க அத்தே?" என்று கேட்டார். அந்த மாஸ்டரின் லாரி இன்னும் ஊரிலிருந்தே கிளம்பவில்லை.

"மூணு வருஷம் கழிச்சி வந்து கேளுங்க சார்," என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்காமல் நின்றேன். பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பாதி அதுதான். அதற்குப் பிறகு குழாயைப் பற்றியோ கரண்ட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும்.

உன் மகள் கார்டில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாள். என் விலாசம் உன் தகரப் பெட்டியில் அவளுடைய டி.சி. சுருளுக்குள் இருந்ததாம். சுருளில் இப்போது ஒன்பது டி.சி. அதில் ஒன்றில் மட்டும்தான் சேர்ந்த வகுப்பும் நின்ற வகுப்பும் வேறு வேறாம். சேர்ந்தது நான்கு, நின்றது ஐந்து. அது நம் ஊர் டி.சி. அதன் பின்பக்கம்தான் நீ என் விலாசத்தை எழுதி வைத்திருக்கிறாய். அக்கா என்று மட்டும் போட்டிருக்கிறாயாம், பேர் போடவில்லையாம். இப்படி எழுதி வைத்தவளிடமா நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்?

வியாழக்கிழமை வருகிறவளுக்கும் கையில் ஒரு சுருள் இருக்கும். மதிலைக் கழுவி வைத்திருக்கிறேன், அவள் என்ன காயப் போட்டாலும் போடட்டும். சாவியை உன் முடிச்சோடுதான் கொடுப்பேன். பிள்ளை எத்தனாவது படிக்கிறது என்று கேட்பேன். ஆபீசர்களுக்கு மட்டும் இனிமேல் வாய் கொடுக்க மாட்டேன்.