பாவம், கொரியாக்காரர்கள்

சோலூர்
20.7.2014

அன்புள்ள ஷண்முகப்ரியாவுக்கு, இங்கே மழையைத் தவிர வேறு குறையில்லை, நீ அங்கே சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறோம் என்று அப்பா சொல்ல, அண்ணன் வசந்த்குமார் எழுதுகிறேன். அவர் சொன்னது அவ்வளவுதான். அது பொய். பேனா பிடிக்குமளவு அவர் விரலில் தோல் தேறவில்லை. கண்ணும் கூசுகிறது, இதைப் படித்துப் பார்க்க மாட்டார், அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து தோட்டத்துக்கு ஆள் வைப்பதில்லை, அப்பாவே பறிக்கிறார், அப்பாவே மருந்தடிக்கிறார். ஏப்ரலில் கால் பெருவிரல் வீங்கி நடக்க முடியவில்லை. யூரிக் ஆசிட் என்று டாக்டர் அலோபுரினால் எழுதினார். ஊட்டியிலிருந்து அதை வாங்கி வந்தவன் நான். மூன்றாவது வாரம் உடம்பு சிவந்து தடித்தது. பூச்சிமருந்து பட்ட அரிப்பு என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மாத்திரையை விடாமல் விழுங்கினார். பிறகு வாய் வெந்தது, தோல் உரிந்து துணியோடு வந்தது. கோவை ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள். அந்த ஞாயிறுகளில் நீ போன் செய்தபோதெல்லாம் அப்பா தோட்டத்தில் இருக்கிறார் என்றோமே, அதுவும் பொய். "படிக்கற புள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்று வாய்ப்புண்ணோடு சொன்னது அவர்தான். தலையாட்டியது அம்மாவும் நானும்.

அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு ஜீன் பெயரைப் பார்த்தேன். போன தீபாவளிக்கு வந்தபோது முறுக்கைக் கடித்தபடி நீ சொன்ன அதே பெயர். எதிர்ப்புச் சக்தி ஜீனில் இந்த வகை கொரியாவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறது, அவர்களில் சிலருக்கு யூரிக் ஆசிட் மாத்திரை தோலை உரித்துவிடும் என்றாய். "பாவம் கண்ணு, கொரியாக்காரங்க" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். நமக்கும் இருக்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஆராய்ச்சி என்று ஊர்பேர் தெரியாதவர்கள் ரத்தத்தை எண்ணுகிறவள், அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு ஞாயிறாவது கேட்டாயா? கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம், அது வேறு.

அந்த ஜீன் அவரிடமிருந்து நமக்கு வர ஆளுக்குப் பாதி வாய்ப்பு. நான் ரத்தம் கொடுத்துவிட்டேன். நீயும் முதலில் உன் ரத்தத்தைப் பார், வந்ததை மறைக்காமல் எழுது. இந்த வீட்டில் யாராவது நலம் என்றால் இனி நம்பாதே.

அப்பா மறுபடி சொல்லச் சொல்கிறார், குளிர் வந்தால் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, மருதமலையான் துணையிருப்பான். கையெழுத்தைத் தானே போடுவதாக அடம்பிடித்தார், பேனா நிற்கவில்லை. கைப் பெருவிரலில் மை தடவி வைக்கச் செய்திருக்கிறேன். அதில் ரேகை தேடாதே, புதுத்தோலில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு உன் அப்பா,
மருதாசலம்